துண்டுக்குள் வைத்த பத்திரம்

புயல் அடித்த அன்று நான் பெரும்பாவூரில் ஒரு பிளைவுட் கம்பெனியில் பலகை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா போனை எடுக்கவில்லை. என் மேல் கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் கரண்ட் இல்லை, டவர் சாய்ந்து கிடக்கிறது என்பது மூன்று நாள் கழித்து, டீக்கடையில் யாரோ பார்த்துக்கொண்டிருந்த செய்தியில்தான் தெரிந்தது. அன்றைக்கே கிளம்பினேன். சம்பளம் வாங்கவில்லை.

கிளம்புவது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முன்னால் வீட்டைவிட்டுக் கிளம்பியவன். ஹோட்டலில் தட்டு கழுவினேன், லாரியில் கிளீனராகப் போனேன், திருப்பூரில் பனியன் மடித்தேன். எந்த இடத்திலும் ஒரு வருடம் முழுசாக இருந்ததில்லை. வரிசையில் நிற்பதும் ஒரே இடத்தில் இருப்பதும் எனக்கு ஒத்துவராது. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த வாரம் நடந்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம் நான் ஒரு வரிசையில் நிற்காமல் வந்ததுதான்.

புதுக்கோட்டை வரை பஸ் வந்தது. அடுத்த பஸ் ஆலங்குடிக்கு அப்பால் போகாது என்றார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் டிராக்டரில், மிச்சம் நடை. ரோட்டின் இரண்டு பக்கமும் தென்னை மரங்கள் ஒரே திசையில் தலைவைத்துக் கிடந்தன. எனக்குத் தெரிந்த ஊர்தான், ஆனால் வழி தெரியவில்லை. முன்பெல்லாம் மரத்தை வைத்துத்தான் திரும்புவோம். எங்கும் வானமாக இருந்தது.

கீரமங்கலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். அக்கா வீட்டில் இல்லை, தோப்பில் இருந்தாள். விழுந்த மரம் ஒன்றின்மேல் உட்கார்ந்து, மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டியா? சோறு இல்ல. எளநி வேணா குடி. ஏற வேண்டியதில்ல, தரையிலயே கெடக்கு."

"வீட்டுல இருக்காம இங்க என்னக்கா பண்ணுற?"

"காவலு."

"விழுந்த மரத்துக்கா?"

"விழுந்த மரத்துக்குத்தாண்டா காவலு. நின்னப்ப யாரு வந்தா?"

பிறகு சொன்னாள். விழுந்த மரத்துக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுக்கப்போகிறது. விஏஓவும் வேளாண்மை ஆபீஸ் ஆட்களும் தோப்புத் தோப்பாக வந்து கணக்கெடுக்கிறார்கள். எங்கள் ஊருக்கு வெள்ளிக்கிழமை. கணக்கெடுக்கும்போது யார் தோப்பில் நிற்கிறாரோ, யார் கையில் காகிதம் இருக்கிறதோ, அவர் பெயர் எழுதப்படும்.

அவளுக்குக் காகிதம்தான் பிரச்சினை. அத்தான் மூன்று வருடத்துக்கு முன் சவூதியில் இறந்துபோனார். பட்டாவில் அத்தான் பெயரும் அவருடைய அண்ணன் பெயரும் சேர்ந்தே இருந்தன. அண்ணன் தம்பிக்குள் தோப்பைப் பிரித்தபோது பதிவு செய்யவில்லை. ஊரில் நாலு பேர் முன்னால் கூர்ச்சீட்டு எழுதிக்கொண்டார்கள். கிணற்றுக்குக் கிழக்கே தம்பிக்கு, மேற்கே அண்ணனுக்கு என்று கையால் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரே தாள். எந்த ஆபீஸிலும் அதற்கு நகல் கிடையாது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட நாலு பேரில் இரண்டு பேர் இன்று உயிரோடு இல்லை. அந்தத் தாள் இருந்தால் கிழக்குத் தோப்பு அக்காவுடையது. இல்லாவிட்டால் அவள் அந்த வீட்டில் இருந்துவிட்டுப் போகிற ஒருத்தி, அவ்வளவுதான்.

அத்தானின் அண்ணனை நான் பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். தன் மரங்களும் விழுந்த துக்கத்தில் இருந்தார். ஆனால் புயல் அடித்த மறுநாளே அக்காவிடம் வந்து, "பட்டா எம் பேர்லயும் இருக்கு. மொத்தமா நானே எழுதிக்கிறேன், வந்ததும் ஒனக்கு உண்டானதக் குடுத்துர்றேன். நீ எதுக்கு ஆபீஸு ஆபீஸா அலையுற?" என்று சொல்லியிருக்கிறார். அக்கா அன்று முதல் மஞ்சள் பையோடு தோப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஊருக்குள் பிளீச்சிங் பவுடர் வந்தது. நான் கண்ட ஊர்களில் எல்லாம் இதுதான் முறை. தலைவர் வருவதற்கு முன்னால் பிளீச்சிங் பவுடர் வரும். ரோட்டோரம் இரண்டு கோடு வெள்ளையாகப் போடுவார்கள். அதை வைத்தே எந்தத் தெரு வரை வருவார் என்று சொல்லிவிடலாம். கோடு எங்கள் ஊர் ரோடுகள் சேருகிற முக்கத்தோடு நின்றிருந்தது. மறுநாள் ஓர் அமைச்சர் வருகிறார் என்றார்கள்.

தலைவர்களை நான் பல ஊரில் பார்த்திருக்கிறேன். கேரளாவில் வெள்ளம் வந்தபோது முகாமில் நானும் இருந்தேன். அங்கே ஒருவர் முழங்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஆந்திராவில் ஒருவர் ஜீப்பைவிட்டு இறங்காமல் கையை மட்டும் நீட்டினார். எல்லா இடத்திலும் ஜனங்கள் மனு கொடுத்தார்கள். அந்த மனுக்கள் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். நாலு பேர் ஒரே நேரத்தில் நீட்டுவார்கள், இரண்டு கீழே விழும், பின்னால் வருகிற கூட்டம் மிதிக்கும். ஜீப் போனதும் ரோட்டில் கால்தடத்தோடு மனுக்கள் கிடக்கும்.

அதனால் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நேரத்தில் அது பெரிய யோசனையாகத் தோன்றியது. நம் ஊரில் எந்தத் தலைவரும் கீழே விடாத ஒரு பொருள் உண்டு. தோளில் போடுகிற துண்டு. மனுவைத் துண்டுக்குள் வைத்துப் போட்டால்?

"அவரு பிரிச்சுப் பாப்பாராடா?" என்றாள் அக்கா.

"கை வச்சாலே காகிதம் சத்தம் போடும்க்கா. என்னன்னு பாக்காமயா இருப்பாரு? அவரு ஒரு வார்த்த விஏஓகிட்ட சொல்லிட்டா பெரிய மச்சான் வாயத் தொறக்க முடியாது."

மனுவை நானே எழுதினேன். என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும், தப்பு இருக்கும், ஆனால் புரியும். அதோடு கூர்ச்சீட்டின் நகல் ஒன்றை வைக்க வேண்டும். அக்கா மஞ்சள் பையிலிருந்து தாளை எடுத்து, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கொடுத்து, பத்து ரூபாயும் கொடுத்தாள். கீரமங்கலத்தில் ஒரு கடையில் மட்டும் ஜெனரேட்டர் வைத்து ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்ப்பட்ட ஜனம் ஆதார் கார்டும் ரேஷன் கார்டுமாக வரிசையில் நின்றது. வரிசை கடையைச் சுற்றி, பூ மார்க்கெட் பக்கம் வரை போயிருந்தது. அரை மணி நேரம் நின்றேன். நாலு அடி நகர்ந்தேன். பிறகு வரிசையை விட்டு வந்து அந்தப் பத்து ரூபாய்க்கு டீ குடித்தேன்.

"எடுத்தியா?"

"மிசின் ஓடலக்கா."

அது முதல் பொய். போனில் படம் பிடிக்கலாம் என்றால் ஊருக்கு வருகிற வழியிலேயே சார்ஜ் போய்விட்டிருந்தது.

"அப்ப வேணாம். மனு மட்டும் போகட்டும்" என்றாள்.

"வெறும் மனுவ யாரு நம்புவா? ஒரிஜினலப் பாத்தாத்தான் நம்புவாங்க. நான் பக்கத்துலயே நிக்கப்போறேன். பாத்ததும் கையோட வாங்கிட்டு வாரேன்."

அக்கா தாளை விரித்து மறுபடி மடித்தாள். நான் நாலு ஊர் பார்த்தவன், இந்த விஷயமெல்லாம் எனக்குத் தெரியும் என்று அவள் நம்பினாள். வீட்டுக்குப் போய் அலமாரியிலிருந்து பச்சைக் கரை போட்ட புதுத் துண்டை எடுத்தாள். புதுத் துணி என்பதால் ஒரு மூலையில் மஞ்சள் தடவினாள். மனுவையும் கூர்ச்சீட்டையும் மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, துண்டின் மடிப்புக்குள் வைத்தாள். நழுவிவிடக் கூடாது என்று ஊசிநூல் எடுத்து நாலு தையலும் போட்டாள். அவ்வளவு பத்திரமாக வைத்தோம்.

புதன்கிழமை காலையில் அமைச்சர் வந்தார். அக்கா வரவில்லை. கணக்கெடுப்பு ஆட்கள் முன்கூட்டியே வந்துவிட்டால் என்ன செய்வது என்று தோப்பிலேயே இருந்துகொண்டாள். முக்கத்தில் ஜனம் நெருக்கியது. "கரண்டு எப்பங்க வரும்?" "குடிக்கத் தண்ணி இல்லைங்க!" "பாத்துட்டுப் போறதுக்கு இது என்ன பொருட்காட்சியா?" என்று பெண்கள் கேட்டார்கள். அமைச்சர் யாருக்கும் கோபப்படவில்லை. எல்லோரையும் கும்பிட்டார். தூக்கமில்லாத முகம். நான் முட்டித் தள்ளி முன்னால் போய்த் துண்டை அவர் தோளில் போட்டேன். அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். "சரியாயிடும்ப்பா" என்றார். சொல்லிக்கொண்டே இடது கை துண்டை எடுத்துப் பின்னால் நீட்டியது. அந்தக் கைக்குக் கண் தேவைப்படவில்லை. அது அன்றாடம் செய்கிற வேலை. பின்னால் இருந்தவர் வாங்கி, அவருக்குப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் ஒரு வெள்ளை வேனுக்குள் வீசினார். உள்ளே ஏற்கெனவே மலைபோலத் துண்டுகள் கிடந்தன.

எனக்குக் கத்த வேண்டும் என்று தோன்றியது. என்னவென்று கத்துவது? "என் துண்டைத் திருப்பிக் கொடுங்க" என்றா? வாயைத் திறப்பதற்குள் வேனின் கதவு மூடிக்கொண்டது. வரிசையாகக் கார்கள் கிளம்பின. கொஞ்ச தூரம் ஓடினேன். பிளீச்சிங் பவுடர் கோடு ஆரம்பிக்கிற இடம் வரை ஓடிவிட்டு முக்கத்துக்கே திரும்பினேன்.

தோப்பு அங்கிருந்து கூப்பிடு தூரம். போய் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அமைச்சர் சாயங்காலம் கோட்டைப்பட்டினம் போய் உடைந்த படகுகளைப் பார்க்கிறார் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகிற லாரி ஒன்று முக்கத்தில் வழி கேட்டு நின்றது. வழி காட்டுகிறேன் என்று ஏறிக்கொண்டேன்.

லாரி விழுந்த மரங்களுக்கு இடையே ஊர்ந்து போனது. அறந்தாங்கி தாண்டி ஓரிடத்தில் கரண்ட் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஆட்கள் என்று டிரைவர் சொன்னார். சேறும் தூறலுமாக இருந்தது. அவர்கள் எல்லோர் தலையிலும் புத்தம்புதுத் துண்டு. யாரோ நல்ல மனுஷன் வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தபடி அவர்களைத் தாண்டிப் போனேன். அப்படியே நினைத்தேன் என்பதை இப்போது எழுதும்போதும் நம்பச் சிரமமாக இருக்கிறது.

கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நாட்டுப்படகுகள் கரையைத் தாண்டி முள்காட்டுக்குள் போயிருந்தன. அமைச்சர் தூரத்தில் கும்பிட்டுக்கொண்டு நடந்தார். வெள்ளை வேன் பள்ளிவாசல் தெருவில் நின்றது. டிரைவர் முன்சீட்டில் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு துண்டு கிடந்தது. இரண்டும் என்னுடையது இல்லை.

"அண்ணே, இதுல நெறைய துண்டு கெடந்துச்சே?"

"ஆமா. ஒனக்கும் வேணுமா? லேட்டா வந்துட்ட."

"அதுல என் துண்டு இருக்குண்ணே. உள்ள ஒரு பத்திரம் வச்சுத் தச்சிருந்தோம்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "துண்டுக்குள்ள பத்திரமா? யாருய்யா ஒனக்கு இந்த யோசனையச் சொன்னது?"

"நானேதாண்ணே."

"இருபது வருசமா இந்த வேல பாக்குறேன். துண்டு போட்ட ஒருத்தராச்சும் திருப்பிக் கேட்டதில்ல." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "அறந்தாங்கிகிட்ட கம்பம் நடுறவங்க நனைஞ்சுக்கிட்டு நின்னாங்க. ஐயா பாத்தாரு. 'வண்டியில இருக்கிறதெல்லாம் இவங்களுக்குக் குடுங்கய்யா'ன்னுட்டாரு. மொத்தமா அள்ளிக் குடுத்துட்டோம்."

அமைச்சர் செய்தது நல்ல காரியம். அதை அன்றும் மறுக்க முடியவில்லை. அவரிடமே போய்ச் சொல்லலாம் என்று கூட்டத்துக்குள் நுழைந்தேன். ஒரு போலீஸ்காரர் தடுத்தார்.

"மனுவா? அங்கிட்டு மேசையில குடுங்க."

"மனு இல்லைங்க சார். பத்திரம்."

"பத்திரத்த வீட்டுல வைக்காம இங்க எதுக்குக் கொண்டாந்தீங்க?"

திரும்பி வந்தேன்.

பொழுது இறங்கிவிட்டது, அதன்பிறகு அறந்தாங்கிப் பக்கம் வண்டி இல்லை. உடைந்த படகு ஒன்றின் அருகில் உட்கார்ந்திருந்த முதியவர் என்னைக் கூப்பிட்டுக் கஞ்சி கொடுத்தார். அந்தப் படகு அவருடையது. நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார், கேலியாக இல்லை.

"எம் படகுக்கு எல்லாப் பேப்பரும் சரியா இருக்கு தம்பி. பிளாஸ்டிக் கவருல போட்டு வச்சிருக்கேன், ஒரு சொட்டுத் தண்ணி படல. படகுதான் இல்ல. ஒங்களுக்கு மண்ணு அப்புடியே கெடக்கு, பேப்பரு இல்ல. ரெண்டு பேரையும் சேத்து வச்சா ஒரு முழு ஆளுக்கு நிவாரணம் கெடைக்கும்."

அவர் வீட்டு வாசலில் படுத்தேன். வியாழக்கிழமை விடிந்ததும் ஒரு மினி லாரியில் தொற்றிக்கொண்டு அறந்தாங்கி வந்தேன். கம்பம் நட்ட இடத்தில் கம்பம் நின்றது. ஆட்கள் இல்லை. முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். எங்கே என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால் போனிலும் சார்ஜ் இல்லை.

எனக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. புதுக் கம்பம் இருக்கிற பக்கமே நடப்பது. சாம்பல் நிறத்தில், மண் ஈரத்தோடு நிற்கிற கம்பங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கம்பம் முடிகிற இடத்தில் ஆட்கள் இருப்பார்கள் அல்லவா? ஓரிடத்தில் லைன் இரண்டாகப் பிரிந்தது. நான் வலப்பக்கம் போனேன். மத்தியானம் வரை நடந்து கம்பம் முடிகிற இடத்துக்குப் போனால், அங்கே வேறு ஆட்கள். அவர்கள் தலையில் பழைய துண்டு.

திரும்பி நடக்கும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. பசி எனக்குப் பழக்கம்தான். பசியில் நடந்திருக்கிறேன், காய்ச்சலில் மூட்டை தூக்கியிருக்கிறேன். அதெல்லாம் என்னோடு போகும். இது வேறு. அக்கா வெயிலில் மரத்தின் மேல் உட்கார்ந்து, மடியில் காலி மஞ்சள் பையை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாளைக்கு விஏஓ வந்து "காகிதம் எங்கம்மா?" என்று கேட்பார். அவள் என் பெயரைச் சொல்வாள். இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். அப்படியே பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய், அங்கிருந்து எங்காவது போய்விடலாம் என்றும் ஒரு தடவை நினைத்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன். பஸ் ஓடாததும் ஒரு காரணம், போகாமல் இருந்ததற்கு.

இருட்டியதும் ஒரு பள்ளிக்கூட வராண்டாவில் ஒதுங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை வெளிச்சம் வந்ததும் இடப்பக்க லைனைப் பிடித்தேன். ஏழு மணி இருக்கும். ஒரு குளத்தங்கரையில் அந்த ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோர் தலையிலும் துண்டு, எல்லாம் சேறாகி ஒரே நிறம். நான் துண்டின் மூலைகளைப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தேன்.

"ஏனுங்க, என்ன தேடறீங்க?" என்றார் ஒருவர். ஈரோட்டுப் பக்கத்துப் பேச்சு.

"ஒரு துண்டு. பச்சைக் கரை. மூலையில மஞ்சள் இருக்கும்."

"பாருங்கப்பா, குடுத்து ரெண்டு நாள் ஆகல, திருப்பிக் கேக்க ஆள் உட்டுட்டாங்க!" என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

மூத்தவர் ஒருவர் தலையிலிருந்து துண்டை அவிழ்த்தார். மூலையில் மஞ்சள் மங்கலாகத் தெரிந்தது. மடிப்பில் அக்கா போட்ட தையல் பிரிந்து தொங்கியது.

"தல தொவட்டறப்ப படபடன்னுச்சுங்க. பிரிச்சுப் பாத்தா ரெண்டு தாளு. கவருக்குள்ள தண்ணி எறங்கி ஒண்ணு நனைஞ்சு கூழாயிருச்சு. இன்னொண்ணு கெட்டித் தாளு, நல்லா இருந்துச்சு." அவர் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டுப் பிளாஸ்டிக் கவரை எடுத்தார். நனைந்து போனது என் மனு. கூர்ச்சீட்டு முழுசாக இருந்தது. கையெழுத்துகள் எல்லாம் இருந்தன. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆனா ஒண்ணுங்க" என்றார். "எங்க நோட்டு மழையில போயிருச்சு. ராத்திரி என்ஜினியருக்குக் கணக்குச் சொல்லோணும். இதோட பின்னால எழுதிப்போட்டேன். இத்தன முக்கியமான தாளுன்னு தெரியாதுங்க."

திருப்பிப் பார்த்தேன். நீலப் பேனாவில் அழுத்தி எழுதியிருந்தது: எந்த டிரான்ஸ்பார்மர், எத்தனை கம்பம், எத்தனை இன்சுலேட்டர், அடியில் ஒரு கையெழுத்து. கணக்கு அவருக்கு வேண்டும். பிஸ்கட் அட்டை ஒன்றைக் கிழித்து, அதில் எல்லாவற்றையும் பார்த்து எழுதிக் கொடுத்தேன். அவசரத்தில் ஓர் எண்ணைத் தப்பாக எழுத, அவர் பொறுமையாகத் திருத்தினார். துண்டைக் கொடுக்க வந்தார். வேண்டாம் என்றேன். அவர்களுடைய லாரி ஒன்று கம்பம் இறக்கக் கீரமங்கலம் பக்கம் போனது. சிமெண்டுக் கம்பங்களின் மேல் உட்கார்ந்து, கவரைச் சட்டைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன்.

தோப்புக்குப் போனபோது கணக்கெடுப்பு ஆட்கள் வந்துவிட்டார்கள். விஏஓ மரத்தின் மேல் ரிஜிஸ்டரை விரித்து வைத்திருந்தார். பெரிய மச்சான் பட்டாவோடு அவர் பக்கத்தில் நின்றார். அக்கா கிணற்றடியில், கிழக்குப் பக்கத்து முதல் மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் தன்னைத் தாண்டி அந்தப் பக்கம் போய் எண்ணக் கூடாது என்பதுபோல நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் கண் என் கைக்குத்தான் போனது.

கவரைக் கொடுத்தேன். அவள் பிரிக்காமல் விஏஓவிடம் நீட்டினாள்.

விஏஓ நிதானமாகப் படித்தார். "கூர்ச்சீட்டு. பதியல" என்றார்.

"அதத்தான் நானும் சொல்லுறேங்க" என்றார் பெரிய மச்சான். "இதெல்லாம் செல்லாது. பட்டாப்படி எழுதிக்கங்க."

விஏஓ தாளைத் திருப்பினார். பின்பக்கத்தைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். "இது என்ன எழுத்து?"

அக்கா முந்திக்கொண்டாள். "எந் தம்பி நேரா அமைச்சர்கிட்டயே கொண்டுபோயிக் காட்டிட்டு வந்திருக்கான் சார். மூணு நாளா அதுக்குத்தான் அலைஞ்சான். ஆபீஸ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பாங்க."

விஏஓ என்னைப் பார்த்தார். அவருக்குக் கம்பமும் இன்சுலேட்டரும் தெரியாதா? நான் கண்ணைக் கீழே போட்டேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. அது இரண்டாவது பொய்.

பெரிய மச்சான் எட்டிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்து தெரியாது. நீலப் பேனாவும் கையெழுத்தும் மட்டும் தெரிந்திருக்கும். "அமைச்சர் பாத்தாரா?" என்று என்னைக் கேட்டார்.

"துண்டோட அவரு கைக்கே போச்சு மச்சான்." அது பொய் இல்லை.

விஏஓ தாளை மடித்து அக்காவிடம் கொடுத்தார். பிறகு பெரிய மச்சானைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார். "இந்தா பாருங்க, பதியாத காகிதம்தான். ஆனா இதுல ஒங்க கையெழுத்து இருக்கு. கிழக்குப் பக்கம் தம்பி சம்சாரம் அனுபவிக்கிறாங்கன்னு ஆட்சேபன இல்லாம எழுதிக் குடுத்தா ரெண்டு பேர்லயும் தனித்தனியா ஏத்திடுவேன். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் நிறுத்தி வைக்க வேண்டி வரும். வாரிசுச் சான்று அவங்க அப்புறம் வாங்கிக் குடுக்கட்டும்."

பெரிய மச்சான் பட்டாவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அக்கா அப்போதும் மரத்தைவிட்டுக் கையை எடுக்கவில்லை. கடைசி மரம் வரை எண்ணி முடிக்கும்வரை எடுக்கவில்லை.

கிளம்பும்போது விஏஓ என்னை மட்டும் தனியாக அழைத்தார். "எங்க ஏரியாவுக்கு எப்ப கரண்டு வரும்னு அதுல போட்டிருக்காய்யா?" என்றார். "ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கங்க. முன்பக்கம் மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிவாரணம் சில மாதம் கழித்து அக்காவின் பேங்க் கணக்கில் ஏறியது. எல்லோருக்கும் ஏறியதுபோலத்தான், பட்டியல் வழியாக. அக்கா அப்படி நினைக்கவில்லை. அந்த அமைச்சர் தன் தாளைப் படித்தார் என்றே இன்றுவரை ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "அவுகளுக்கு எத்தன வேல! அதுக்கு நடுவுல நம்ம தாளப் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்காகளே" என்பாள். அவரை யாராவது குறை சொன்னால் சண்டைக்குப் போவாள்.

நான் மறுபடி ஊரைவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். இப்போது ஓசூரில் இருக்கிறேன். போன வாரம் அக்கா போன் பண்ணினாள். பட்டாவைத் தனியாகப் பிரிக்க மனுக் கொடுத்திருக்கிறாளாம். பெரிய மச்சானும் ஒத்துக்கொண்டாராம். தாலுகா ஆபீஸுக்கு எல்லாக் காகிதமும் கொண்டுபோக வேண்டும். மச்சானுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டதாம், இப்போது நன்றாகப் படிக்கிறாராம், அவரும் கூட வருகிறாராம்.

"அக்கா, முன்பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் குடு. ஒரிஜினல வெளிய எடுக்காத."

"எதுக்குடா பயப்படுற? இந்தவாட்டி ஒண்ணும் ஆகாது. அந்த எழுத்து அழிஞ்சிறக் கூடாதுன்னு முன்னாலயும் பின்னாலயும் லேமினேசன் பண்ணி வச்சிருக்கேன். தண்ணியில போட்டாக்கூட அழியாது."

எப்போது போகிறாய் என்று கேட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை என்றாள். இன்று புதன். பஸ் பிடித்தால் நாளைக்குப் போய்விடலாம்.